கணினியின் மணிக்கூடு

கல்லூரியின் நாள்வாழ்வு மணியோசையில் தொடங்கி மணியோசையில் முடிவது. எந்தப் பாடம் எப்பொழுது தொடங்கும், எந்தப் பரீட்சையின் விடைத்தாள் எப்பொழுது வாங்கப்படும் என்பனவற்றையெல்லாம் அம்மணியே ஆணையிட்டு நிற்கும். மணியடிப்பவரின் மணிக்கூடு ஐந்து நிமிடம் பிந்தினாற் கல்லூரி முழுவதும் ஐந்து நிமிடம் பிந்தும். ஆயினும் எல்லாரும் ஒருங்கே பிந்துவதால் எவர்க்கும் பெருந்தீங்கு விளைவதில்லை. இன்று நிலைமை வேறு. மாணவர் வரவு, பரீட்சைப் புள்ளி, பற்றுச்சீட்டு, விண்ணப்பம், கடிதப்போக்குவரத்து என்பன பெரும்பாலும் கணினி வழியாகவே நடைபெறுகின்றன. அக்கணினிகளுக்கு நடுவே இருந்து ஏனையவற்றுக்குப் பணிபுரியும் கணினியை வழங்கி என்பர். வழங்கியின் மணிக்கூடு பிழைபட்டால், அது தன் கல்லூரியோடு மாத்திரமன்றி உலகத்தோடும் முரண்பட்டு நிற்கும்.

லினக்சு என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களுள் ஒன்று. 1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டிலே பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடக்கிவைத்தார். விலைகொடாது பெற்று வேண்டியவாறு திருத்தியமைக்கக் கூடியதாகையால், உலகத்து வழங்கிகள் மிகப் பல அதனையே கொண்டு இயங்குகின்றன. இவ்வகை வழங்கியொன்று விழித்தெழும்போது அதன் நேரச்சேவை எவ்வாறு தொடங்குகின்றது, தொடங்கியவுடன் மணிக்கூட்டை எவ்வாறு சீர்செய்கின்றது, அதில் நாம் எங்கே வழுவக்கூடும் என்பனவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மின்சாரம் நின்று நின்று வந்த நாட்களையும், மணிக்கூட்டை முன்னும் பின்னும் திருப்பிய ஆண்டுகளையும் கண்டவர் நாம். ஆகையால் இப்பொருள் எமக்குப் புறம்பானதன்று.

நேரம் மாறிய வரலாறு

யாழ்ப்பாணம் கிறீனிச்சிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 80 பாகை நெடுங்கோட்டில் உள்ளது. பூமி ஒரு பாகை சுழல்வதற்கு 4 நிமிடம் செல்லுமாதலின், யாழ்ப்பாணத்து ஞாயிறு காட்டும் நேரம் கிறீனிச் நேரத்துக்கு 5 மணித்தியாலம் 20 நிமிடம் முந்தியது. எமது நியமநேரமோ 5 மணித்தியாலம் 30 நிமிடம் முந்தியது. அது 82½ பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. அந்நெடுங்கோடு இலங்கை மண்ணிற் படாது, கிழக்கேயுள்ள கடலின்மீது செல்வது. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஞாயிறு உச்சிக்கு வரும்போது மணிக்கூடு சராசரியாக 12 மணி 10 நிமிடத்தைக் காட்டும். இந்நியமநேரம் 1906 சனவரி 1ஆந் திகதி தொடக்கம் இலங்கையில் வழங்கலாயிற்று. வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்தது அதற்கு முந்திய ஆண்டிலேயாம். ஊருக்கொரு நேரம் வைத்துக்கொண்டு புகைவண்டி ஓட்டுதல் இயலாதென்பது அக்காலத்தில் உலகெங்கும் உணரப்பட்ட உண்மை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 சனவரியில் அரைமணித்தியாலமும் செத்தெம்பரில் மற்றோர் அரைமணித்தியாலமுமாக மணிக்கூடு முன்னே தள்ளப்பட்டது. 1945 ஒக்ரோபரிற் பழைய நிலைக்கு மீண்டது. பின்னர் அரைநூற்றாண்டு வரை மாற்றமில்லை. 1996ஆம் ஆண்டில் மின்தட்டுப்பாடு நேர்ந்தபோது, பகலொளியை மிகுதியாகப் பயன்கொள்ளும் பொருட்டு, மே 25ஆந் திகதி மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 26ஆந் திகதி அதிற் பாதி குறைக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகள் இலங்கையின் நேரம் கிறீனிச்சுக்கு 6 மணித்தியாலம் முந்தியதாய் நின்றது. 2006 ஏப்பிரல் 15ஆந் திகதி, நள்ளிரவு கடந்து 12.30 ஆனபோது மணிக்கூடு 12.00இற்குத் திருப்பப்பட்டு, முன்னைய ஐந்தரை மணித்தியாலம் மீண்டும் வந்தது.

இவ்விடைக்காலத்தில் நாட்டில் இரு நேரங்கள் வழங்கின. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்கள் 1996ஆம் ஆண்டின் மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நீடித்தது. 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டபின், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்றவர் முகமாலையைக் கடந்ததும் அரைமணித்தியாலம் பிந்திய நேரத்துள் நுழைந்தார். ஓமந்தையைக் கடந்ததும் அவ்வரைமணித்தியாலத்தை மீண்டும் இழந்தார். ஒரே ஞாயிறு, ஒரே வீதி, ஒரே பயணம். ஆயினும் கைக்கடிகாரத்துக்கு இருமுறை வேலை. மாறியது காலமன்று, காலத்துக்கு நாம் இட்ட பெயரே. கணினியின் மணிக்கூட்டை விளங்கிக்கொள்வதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைத்தல் அரிது.

எண்ணிக்கை வேறு, பெயர் வேறு

பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை என்றொரு வழக்கு உண்டு. ஞாயிறு உதித்தது முதல் எத்தனை நாழிகை சென்றதென்பதே அதன் கணக்கு. அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளினாலும் பின்தள்ளினாலும் அக்கணக்கு அசைவதில்லை. அதனை மணிக்கூட்டு நேரமாக மாற்றிச் சொல்லும்போது மாத்திரமே வேறுபாடு தோன்றும்.

லினக்சின் காலக்கணக்கும் இத்தன்மையதே. 1970 சனவரி 1ஆந் திகதி, கிறீனிச் நள்ளிரவைத் தொடக்கமாகக் கொண்டு, அதிலிருந்து எத்தனை செக்கன் சென்றது என்னும் ஓர் எண்ணை மாத்திரமே அது உள்ளத்திற் கொண்டிருக்கின்றது. யாழ்ப்பாணத்து வழங்கியும் இலண்டன் வழங்கியும் ஒரே கணத்தில் ஒரே எண்ணையே கொண்டிருக்கும். அவ்வெண்ணை ஆண்டு, மாதம், திகதி, மணி என மனிதருக்கு வாசித்துக் காட்டும்போதுதான், நேரவலய அட்டவணை என்னும் வேறொரு நூலை அது புரட்டிப் பார்க்கின்றது. எந்த ஊரில் எந்த நாள்முதல் எந்த நேரம் வழங்கியது என்பதை அவ்வட்டவணை கூறும். ஆதர் டேவிட் ஓல்சன் என்னும் அமெரிக்கர் 1980களிற் தொடக்கிய இவ்வட்டவணை, இன்றும் தொண்டர்களாற் பேணப்படுகின்றது. எமக்குரிய வரி 'ஆசியா/கொழும்பு' என்பது. மேலே கூறிய 1906, 1942, 1945, 1996, 2006 ஆகிய மாற்றங்கள் அனைத்தும் அதனுள் அடங்கியுள்ளன.

அவ்வட்டவணையின் குறிப்புக்களில் எம்மவர் அறியத்தக்க செய்தியொன்று உண்டு. 2006ஆம் ஆண்டு மாற்றத்தைப் பதிந்தபோது அதன் பொறுப்பாளராயிருந்த போல் எகேட், தமிழர் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்களில் வாழ்வோர் தம் கணினியில் இந்தியாவுக்குரிய கொல்கத்தா வரியைத் தெரிந்துகொள்ளலாம் என்று குறித்துவைத்தார். 1970 முதல் அப்பிரதேசங்களின் நேரம் இந்திய நேரத்தோடு பிரியாது ஒத்துவந்தமையே அதற்குக் காரணம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த இரு கணினிகள் வேறு வேறு மணியைக் காட்டியபோதும், ஒழுங்காகப் பேணப்பட்டிருப்பின், அவற்றின் உள்ளெண் ஒன்றாகவே இருந்திருக்கும்.

2006 ஏப்பிரல் 15ஆந் திகதி மணிக்கூடு திருப்பப்பட்ட கணத்தில் அவ்வுள்ளெண் 1,145,039,400 ஆகும். அடுத்த செக்கனில் அது 1,145,039,401 ஆயிற்று. எண்ணிக்கை பின்வாங்கவுமில்லை, தயங்கவுமில்லை. வழங்கிக்கு அன்று வேண்டப்பட்டது புதிய அட்டவணை ஒன்றேயன்றி, மணிக்கூட்டைக் கையாற் திருப்புதலன்று. இவ்வேறுபாட்டை மறந்தோர் அடைந்திருக்கக் கூடிய இன்னலைப் பின்னர் கூறுவாம்.

இரு மணிக்கூடுகள்

வழங்கியொன்றினுள் இரு மணிக்கூடுகள் உள்ளன. ஒன்று, தாய்ப்பலகையில் நாணயம்போன்ற சிறு மின்கலத்தால் இயங்கும் வன்பொருள் மணிக்கூடு. மின்சாரம் நின்றபோதும் இது நிற்பதில்லை. செக்கனுக்கு 32,768 முறை அதிரும் குவாட்சுப் பளிங்கு இதன் உயிர். அவ்வெண் இரண்டைப் பதினைந்து முறை பெருக்கிப் பெறுவது; ஆகையாற் பதினைந்து முறை பாதியாக்கினாற் சரியாக ஒரு செக்கன் கிடைக்கும். மற்றையது, கணினி இயங்கும்போது லினக்சு தானே எண்ணிக்கொண்டிருக்கும் மணிக்கூடு. கணினி விழித்தெழும்போது லினக்சு முதலாவது மணிக்கூட்டைப் பார்த்து இரண்டாவதைத் தொடங்குகின்றது. ஆகவே முதலாவதன் பிழை இரண்டாவதன் பிறப்பிலேயே வந்து சேர்கின்றது.

பளிங்கு எத்துணை நுண்ணியதாயினும் முற்றும் சரியானதன்று. பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழை சாதாரணமானது. அது நாளொன்றுக்கு 1.7 செக்கன், மாதமொன்றுக்கு 50 செக்கனுக்கு மேல். வெப்பநிலை 25 பாகை செல்சியசை விட்டு எப்பக்கம் விலகினும் இவ்வகைப் பளிங்கு மெதுவாகும். பங்குனி சித்திரை வெயிலிற் காற்றோட்டமற்ற அறையொன்றிற் கிடக்கும் வழங்கியின் நிலையை வாசகர் உய்த்துணர்வாராக. இவற்றிற்கு மேலாக, மின்கலம் வலுவிழந்தால் வன்பொருள் மணிக்கூடு பல்லாண்டு பின்சென்று ஏதோவொரு பழைய திகதியிற் தொடங்கிவிடும். சில சிறு கணினிகளில் வன்பொருள் மணிக்கூடே இல்லை.

இன்னுமொரு பிழை எமது நாட்டிற் குறிப்பாக நோக்கத்தக்கது. லினக்சு பொதுவாக வன்பொருள் மணிக்கூட்டை உலகப் பொதுநேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதனை உள்ளூர் நேரத்தில் வைக்கும். ஒரே கணினியில் இவ்விரண்டையும் மாறிமாறி இயக்கினால், ஒன்று எழுதியதை மற்றது பிழைபட வாசிக்கும். அப்பிழை எமக்கு ஐந்தரை மணித்தியாலம், அதாவது 19,800 செக்கன். கணினியின் நேரம் துல்லியமாக ஐந்தரை மணித்தியாலம் பிசகியிருக்கக் கண்டாற் பளிங்கையோ மின்கலத்தையோ நோவதிற் பயனில்லை. காரணம் பெரும்பாலும் இதுவே.

நேரம் கேட்கும் முறை

இப்பிழைகளைத் தீர்ப்பதற்கு வழங்கி தன்னினும் நல்ல மணிக்கூட்டை இணையவழியே வினவுகின்றது. அவ்வினாவிடைக்குரிய விதிமுறையை என்.ரி.பி. என்பர். அதனை வகுத்தவர் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985ஆம் ஆண்டில் அதன் முதல் விவரணம் வெளிவந்தது. பிறப்பிலிருந்தே கண்நோயுற்றுப் பிற்காலத்திற் பார்வையை முற்றாக இழந்தபோதும், தம் பணியை விடாது தொடர்ந்து, 2024 சனவரியில் அவர் காலமானார்.

நேரத்தைக் கேட்டறிவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கொழும்பிலுள்ள நண்பருக்கு "இப்பொழுது மணி என்ன?" என்று கடிதம் எழுதுகின்றோம் என்க. விடை வந்து சேரும்போது அதிலுள்ள நேரம் பழையதாகிவிடும். தபால் எத்தனை நாள் வழியிற் கிடந்ததென்பதும் எமக்குத் தெரியாது. மில்ஸ் கண்ட வழி நான்கு நேரங்களைக் குறித்தல். நாம் அனுப்பிய நேரம், அவர் பெற்ற நேரம், அவர் விடையனுப்பிய நேரம், நாம் பெற்ற நேரம் என்பனவே அந்நான்கும். முதலாவதும் நான்காவதும் எம் மணிக்கூட்டிற் பார்த்தவை. நடுவிரண்டும் அவர் மணிக்கூட்டிற் பார்த்தவை.

எண்கொண்டு காண்போம். எமது வழங்கி தன் மணிக்கூட்டிற் சரியாகப் 10 மணிக்கு வினாவை அனுப்புகின்றது. மூலவழங்கி தன் மணிக்கூட்டில் 10 மணி 5.020 செக்கனில் அதனைப் பெற்று, 5.021 செக்கனில் விடையனுப்புகின்றது. எமது மணிக்கூட்டில் 10 மணி 0.041 செக்கன் ஆகும்போது விடை வந்தடைகின்றது. போகும்போது தோன்றிய வேறுபாடு 5.020, வரும்போது தோன்றிய வேறுபாடு 4.980. இவற்றின் சராசரி 5 செக்கன். அதுவே எம் மணிக்கூடு பிந்திய அளவு. போய்வரச் சென்ற காலம் 0.040 செக்கன். போக்குக்கும் வரவுக்கும் ஒரே அளவு காலம் சென்றதெனக் கொண்டதால் இக்கணக்குப் பொருந்துகின்றது. ஒரு திசை நெருக்கடியுற்றால் அந்நெருக்கடியின் பாதி பிழையாக வந்து சேரும். அதனாலேயே நேரச்சேவை ஒரு விடையோடு அமையாது பல விடைகளைப் பெற்று, அவற்றுட் காலதாமதம் குறைந்தனவற்றை விரும்பிக் கொள்ளுகின்றது.

ஒருவரையே கேட்டு நம்புதலும் தகாது. இருவரைக் கேட்டு அவர் முரண்பட்டால், எவர் சொல் மெய்யென்பது தெரியாது. மூவரைக் கேட்டாற் பெரும்பான்மை தெரியும். நால்வரைக் கேட்டால், ஒருவர் மறைந்தபோதும் மூவர் எஞ்சுவர். ஆகையால் நான்கு மூலங்களேனும் வைத்தல் நன்று. 2003இற் தொடங்கிய என்.ரி.பி. பூல் என்னும் தொண்டர் கூட்டமைப்பு இதற்கென உலகெங்கும் வழங்கிகளை ஈந்துள்ளது. எமது நாட்டின் நியமநேரத்தைப் பேணும் பொறுப்பு, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்துக்கு உரியது.

பாய்ச்சலும் படிமுறையும்

பிழையின் அளவு தெரிந்தபின் திருத்துவது எவ்வாறு? இரு வழிகள் உண்டு. ஒன்று, மணிக்கூட்டின் முள்ளைப் பிடித்து ஒரேயடியாகச் சரியான இடத்தில் வைத்தல். இதனைப் பாய்ச்சல் என்போம். மற்றது, மணிக்கூட்டைச் சிறிது விரைவாகவோ மெதுவாகவோ ஓடச்செய்து, உண்மை நேரத்தோடு சேர்த்தல். இதனைப் படிமுறை என்போம்.

பாய்ச்சல் விரைவானது, ஆனால் இடையூறு விளைப்பது. பின்னோக்கிப் பாய்ந்தால் ஒரே நேரம் இருமுறை வரும். 10.20இற் பதிந்த பற்றுச்சீட்டுக்குப் பின்னர் பதிந்தது 10.05 எனக் காட்டும். நள்ளிரவில் ஒருமுறை செய்யவேண்டிய பணி இருமுறை நடைபெறக்கூடும். முன்னோக்கிப் பாய்ந்தால் இடையிலுள்ள காலம் இல்லாது மறையும். படிமுறையில் இத்தீங்கு இல்லை. நேரம் எப்பொழுதும் முன்னோக்கியே செல்லும். ஆயின் அது மிக மெதுவானது. பழைய என்.ரி.பி. சேவைநிரல் செக்கனுக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற் திருத்துவதில்லை. ஒரு செக்கன் பிழையைத் தீர்க்க 2,000 செக்கன் வேண்டும். அரைமணித்தியாலப் பிழையை அவ்வாறு தீர்ப்பதாயின் 41 நாட்களுக்கு மேற் செல்லும். ஐந்தரை மணித்தியாலப் பிழைக்கு ஓராண்டுக்கு மேலாகும்.

ஆகையால் அச்சேவைநிரலுக்கு இரு எல்லைகள் விதிக்கப்பட்டன. பிழை 0.128 செக்கனுக்குட் பட்டதாயிற் படிமுறை. அதற்கு மேற்பட்டு நீடித்தாற் பாய்ச்சல். பிழை 1,000 செக்கனையும் கடந்தால், ஏதோ பெருந்தவறு நிகழ்ந்ததெனக் கருதி, சேவைநிரல் யாதும் செய்யாது தன் பணியையே நிறுத்திவிடும். தொடக்கத்தில் ஒருமுறை மாத்திரம் எவ்வளவு பெரிய பாய்ச்சலும் ஆகலாம் என்று வெளிப்படையாக விடைகொடுத்தாலன்றி அது அசையாது.

எமது அரைமணித்தியாலம் 1,800 செக்கன் என்பதை இங்கே நினைவுகூர்க. 2006 ஏப்பிரலில், அட்டவணையைப் புதுப்பியாது வழங்கியின் மணிக்கூட்டையே கையால் அரைமணித்தியாலம் பின்திருப்பியோர் இருந்திருப்பின், அவர் காட்சிக்குரிய நேரத்தைச் சரிசெய்து உள்ளெண்ணைப் பிழையாக்கினார். நேரச்சேவை 1,800 செக்கன் வேறுபாட்டைக் கண்டு, எல்லை கடந்ததெனப் பணியை நிறுத்தும். தொடக்கத்திற் பாய்வதற்கு விடைபெற்றிருந்தாலோ, அது உள்ளெண்ணை உண்மைக்கே மீட்டுவிடும். திரையிற் பழைய ஆறு மணித்தியாலக் கணக்கே மீண்டும் தோன்றும். மனிதர் திருப்ப அது மீளத் திருப்ப, இரண்டிற்கும் முடிவில்லை. இரண்டும் கணினியின் குற்றமன்று. பெயரை மாற்றவேண்டிய இடத்தில் எண்ணை மாற்றியதன் விளைவு.

இன்று லினக்சு வழங்கிகளிற் பெரிதும் வழங்குவது குரோனி என்னும் சேவைநிரல். அதன் அமைப்புக்கோப்பில் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்றொரு வரி பொதுவாகக் காணப்படும். பிழை ஒரு செக்கனுக்கு மேற்பட்டாற் பாயலாம். ஆனால் தொடங்கியபின் முதல் மூன்று திருத்தங்களில் மாத்திரமே பாயலாம் என்பது அதன் பொருள். நான்காவது திருத்தம் முதல் எல்லாம் படிமுறையே. அப்படிமுறையும் பழைய நிரலினதைவிட விரைவானது. செக்கனுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை அது திருத்தவல்லது; அரைமணித்தியாலத்தை ஆறு மணித்தியாலத்தில் தீர்க்கும். வாயிலில் நிற்கும்போது மணிக்கூட்டைத் திருப்பிக்கொள்ளலாம், சபையுள் அமர்ந்தபின் திருப்புதல் ஆகாது என்னும் ஒழுங்கே இவ்வரியிற் பொதிந்துள்ளது.

மின்சாரம் மீண்டு வரும் இரவு

2022 மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அத்தகைய இரவொன்றைக் கற்பனை செய்வோம். மின்சாரம் அதிகாலையில் மீளுகின்றது. வழங்கி ஒரு நிமிடத்துள் விழித்தெழுகின்றது. இணையத்தைக் கொண்டுவரும் கருவியோ விழித்தெழச் சில நிமிடங்கள் வேண்டும். வெளியேயுள்ள இணைப்பு மீளுவதற்கு இன்னும் நெடுநேரம் செல்லலாம். நேரச்சேவை தொடங்குகின்றது, கேட்பதற்கு எவருமில்லை.

பழைய முறையில், தொடக்கத்தில் ஒருமுறை மாத்திரம் நேரம் கேட்கும் சிறு நிரலொன்று முதலில் ஓடும். இணையம் இல்லாதபோது அது தோற்றுச் சென்றுவிடும், மீண்டும் முயலாது. பின்வரும் சேவைநிரல், மின்கலம் செத்ததால் நேர்ந்த பெரும்பிழையைப் பின்னர் கண்டு, எல்லை கடந்ததென நின்றுவிடும். காலையில் வழங்கி நலமாக இயங்குவதாகத் தோன்றும். அதன் நேரத்தைத் திருத்துவார் எவருமிலர். குரோனியோ திருத்தங்களை எண்ணுகின்றதன்றி நிமிடங்களை எண்ணுவதில்லை. இணையம் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தாலும், அப்பொழுது நிகழ்வதே முதலாந் திருத்தமாகையாற் பாய்ந்து சரிசெய்யும்.

ஆயினும் இதனோடு கடன் முடிந்ததன்று. அவ்விரண்டு மணித்தியாலத்தில் வரவுப்பதிவும் தரவுத்தளமும் பிழையான நேரத்தோடு எழுதத் தொடங்கியிருந்தால், பிந்தி வந்த பாய்ச்சல் அவற்றின் நடுவே விழும். அதனாற் சேவைகளைத் தொடக்கும் ஒழுங்கிலே 'டைம்-சிங்க்' என்னும் ஒரு கட்டம் அமைக்கப்பட்டுள்ளது. நேரம் உறுதியானபின்னரே நீ எழுக என்று ஒரு சேவைக்கு ஆணையிடலாம். இங்கே கவனம் வேண்டும். நேரச்சேவை தொடங்கிவிட்டது என்பதும் நேரம் சரியாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. குரோனி ஓடத்தொடங்கியதைக் கண்டே அக்கட்டம் கடந்ததாகக் கொள்ளாமல், திருத்தம் நிகழும்வரை காத்துநிற்கும் துணைச்சேவையையும் இயக்குதல் வேண்டும். தொடக்கத்தில் விரைவாக அடுத்தடுத்துச் சில வினாக்களை விடுக்கும் 'ஐபேர்ஸ்ட்' என்னும் ஏற்பாடு அக்காத்திருப்பைச் சில செக்கன்களாகச் சுருக்கும்.

நாள் முழுவதும் இணையம் வராவிட்டால் என்செய்வது? எல்லாச் சேவைகளையும் அடைத்துவைத்தல் அறிவுடைமையன்று. வாசிப்பனவற்றைத் திறக்கலாம்; பதிவனவற்றைக் காத்திருக்கச் செய்யலாம். ஒரு விண்ணப்பம் முடிவுத் திகதிக்கு முன் வந்ததா பின் வந்ததா என்பதில் ஒரு மாணவரின் எதிர்காலம் தங்கியிருக்கலாம். அவ்வினாவுக்கு விடைகூறுவது வழங்கியின் மணிக்கூடே. மேலும், இணையத்திற் பாதுகாப்பாகப் பேசுவதற்கு வேண்டிய சான்றிதழ்கள் யாவும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உடையன. பழைய ஆண்டொன்றிலே விழித்தெழுந்த வழங்கிக்கு உலகத்துச் சான்றிதழ்களெல்லாம் இன்னும் பிறவாதன. அதனால் அது எவரோடும் பேசமறுக்கும்.

செய்யத்தக்கன

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் வழங்கிகளைப் பேணுவோர் கடைப்பிடிக்கத்தக்க சிலவற்றைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, வன்பொருள் மணிக்கூட்டை உலகப் பொதுநேரத்திலேயே வைத்து, நேரவலயத்தை 'ஆசியா/கொழும்பு' எனக் குறித்தல். நேரவலய அட்டவணையை ஏனைய மென்பொருள்களோடு காலந்தோறும் புதுப்பித்தலும் வேண்டும். இந்நாட்டின் நேரம் இனி மாறாதென்று எவரும் உறுதிகூற முடியாது.

இரண்டாவது, ஒரு வழங்கியில் ஒரு நேரச்சேவையை மாத்திரம் இயக்குதல். இரண்டு இயங்கினால், ஒன்று முன்தள்ள மற்றது பின்னிழுக்கும்.

மூன்றாவது, நான்கு மூலங்களேனும் குறித்து, தொடக்கப் பாய்ச்சலுக்கு எல்லைவைத்து விடையளித்தல். எழுதும் சேவைகளை நேரம் உறுதியாகும்வரை நிறுத்துதல்.

நான்காவது, திருத்திய நேரத்தை வன்பொருள் மணிக்கூட்டுக்கும் இடையிடையே எழுதிவைக்கச் செய்தல். அதற்கென ஒரு வரி உண்டு. அதனை இட்டால், 11 நிமிடத்துக்கு ஒருமுறை லினக்சு அதனைத் தானே செய்யும். பளிங்கு நாளொன்றுக்கு எவ்வளவு பிசகுகின்றது என்பதைக் குரோனி ஒரு கோப்பிற் குறித்துவைக்கும். அக்கோப்பை அழியாது காத்தல் வேண்டும். அடுத்தமுறை எழும்போது அக்குறிப்பே அதற்கு முதலாசான்.

ஐந்தாவது, சிறு மின்கலத்தை உரிய காலத்தில் மாற்றுதல். சில நூறு ரூபாப் பொருளொன்றின் சோர்வால் ஆண்டுப் பதிவுகள் முழுவதும் ஐயத்துக்கிடமாதல் கூடாது.

ஆறாவது, வசதியுள்ள இடங்களிற் கூரையின்மீது செய்மதி வாங்கியொன்றை அமைத்தல். செய்மதிகளிலுள்ள அணுமணிக்கூடுகள் அனுப்பும் நேரத்தை அது நேரே பெறும். இணையம் இல்லாத நாளிலும் வழங்கிக்கு நேரம் கிடைக்கும். கல்லூரி முழுவதற்கும் ஒரு வாங்கி போதும். ஏனைய கணினிகள் அவ்வழங்கியையே வினவிக்கொள்ளும்.

இவற்றைச் செய்தபின்னும் சோதித்துப் பார்த்தல் கடன். மாணவர் தம் ஆய்வுகூடத்தில், பணியில் இல்லாத ஒரு கணினியில், வன்பொருள் மணிக்கூட்டை வேண்டுமென்றே அரைமணித்தியாலம் பிசக்கி, இணையக் கம்பியைக் கழற்றி, கணினியை நிறுத்தி எழுப்புக. பத்து நிமிடம் கழித்துக் கம்பியைப் பூட்டுக. எந்தச் சேவை காத்துநின்றது, எது காவாது எழுந்தது, மணிக்கூடு எத்தனை செக்கனில் உண்மையை அடைந்தது என்பனவற்றைக் குறித்துக்கொள்க. ஒரு பாடவேளையில் முடியும் இச்சோதனை, பல பக்க விளக்கத்தினும் தெளிவாக உண்மையைக் காட்டும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் கல்லூரிப் பக்கத்தைத் திறக்கும்போது, ஒரே கூட்டத்தின் நேரம் யாழ்ப்பாணத்தில் இரவு 7.30 எனவும், கோடைக்கால இலண்டனிற் பிற்பகல் 3 மணி எனவும், ரொறன்ரோவிற் காலை 10 மணி எனவும் காட்டும். மூன்றும் வேறு பெயர்கள்; அடியில் நிற்பது ஓர் எண். அவ்வெண்ணை மெய்யாக வைத்திருப்பின், அதன்மேல் எந்த ஊரின் பெயரையும் அட்டவணை இட்டுக்கொள்ளும். அவ்வெண் பொய்த்தால் எந்த ஊரின் நேரமும் மெய்யாகாது. அதனை நாள்தோறும், சிறப்பாக ஒவ்வொரு மின்வெட்டின் பின்னும், மெய்யாக்கிவைத்தலே வழங்கியைப் பேணுவோரின் முதற்கடன்.